பதில் வந்ததோ என்று கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே ஆக்லாந்தில் ஏவன்டேல் சந்தையில் கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது தவராசா அண்ணனின் மனைவி புஷ்பம் அக்காவின் அழைப்பு வந்தது. அவர் எனக்கு அழைப்பதே அபூர்வம். "தங்கச்சி, இவர் விடிய எழும்பேல்லை" என்றார். தவராசா அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருடைய காரில் ரேடியோ பாடுவது அவர் கைபட்டதால்தான். ஜப்பானிலிருந்து இங்கே வந்து இறங்கும் பழைய கார்களின் ரேடியோ நம் ஊர் நிலையங்களில் முக்கால்வாசியைப் பிடிக்காது. ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினால்தான் வாய் திறக்கும். பென்ரோஸில் பழைய கார் விற்கும் எங்கள் யார்டில் பதினேழு வருடமாக அந்தப் பெட்டியைப் பொருத்தியவர் அவர். நான் அங்கே ஆபீசில் காகித வேலை பார்க்கிறவள், மதுரைக்காரி. அவர் யாழ்ப்பாணம். "நீங்கள் பேசுறீங்கள், நாங்கள் கதைக்கிறம்" என்று என்னைச் சீண்டுவார்.

வண்டிக்குள் கிடப்பதையெல்லாம் குப்பையில் போட வேண்டும் என்பது யார்டின் விதி. குடை, சீப்பு, கோயில் காப்பு எல்லாம் போகும். ரேடியோவுக்குள் மாட்டிக்கொண்டு வந்த சிடியையும் டாஷ்போர்டில் கிடக்கும் அதன் உறையையும் மட்டும் அண்ணன் விடமாட்டார். பெரும்பாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கொடிகட்டிப் பறந்த ஜப்பானிய ராக் குழுக்கள். உறைப் படத்தில் தலைமயிரை நட்டுக்க நிறுத்தி, கண்ணுக்கு மை தீட்டிய இளைஞர்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். "இவங்கள் எல்லாருக்கும் இப்ப என்னைப்போல வழுக்கையாத்தான் இருக்கும்" என்பார். காரை வைத்திருந்தவர்களும் அந்த வயதுக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆபீசுக்குப் போகும் வழியில் தங்கள் இருபது வயதைப் போட்டுக் கேட்டிருப்பார்கள்.

ஜப்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாத மனிதருக்கு இதில் என்ன இத்தனை மோகம் என்று ஒருநாள் ஸ்மோகோ வேளையில், அதாவது பத்து மணித் தேநீர் வேளையில், கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு இருபது வயசிலை ஷெல் சத்தம்தான் கேட்டது பிள்ளை. அந்த வருசத்துப் பாட்டுகளை இப்பதான் கேக்கிறன். ஆருடைய பாட்டா இருந்தா என்ன."

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியை அணைக்கமாட்டார். பின்னால் நாலு வண்டி காத்து நின்றாலும், மேனேஜர் கண்ணாடியில் தட்டினாலும், முடியட்டும் என்று கையைக் காட்டுவார். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் கசெட் கேட்டார்களாம். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டு இழுத்துக்கொண்டு நின்றுவிடும். "பாதியிலை நிண்ட பாட்டு மனசுக்கை கிடந்து அரிக்கும்" என்பார்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு வெள்ளை வேனிலிருந்து கையால் எழுதிய சிடி ஒன்று வந்தது. ஐந்து நடுவயது ஆண்கள் எங்கோ ஒரு ஒத்திகை அறையில் தங்கள் காலத்து ராக் பாட்டுகளை வாசித்துப் பதிந்தது. தாளம் அவ்வப்போது நொண்டும். கடைசியில் ஒருவர் சிரித்தபடி ஏதோ சொல்வார். ஜப்பானிய மொழி படித்தவள் என்று யார்டு முழுக்கப் பீற்றிக்கொண்டவள் நான். "முட்டி வலிக்குது, அடுத்த மாசம் பார்ப்போம்னு சொல்றாருண்ணே" என்றேன். அண்ணன் அன்று அதை மூன்று முறை கேட்டார்.

உறையின் பின்புறம் அந்த ஒத்திகை இடத்தின் முகவரி முத்திரையாக இருந்தது. ஒரு கடிதம் எழுதி சிடியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஃபோனில் மொழிபெயர்த்து அனுப்பலாமே என்றதற்கு, "மெஷின் எழுதின கடிதத்துக்கு மனுசன் பதில் போடமாட்டான்" என்றார். பிறகுதான் காரணத்தைச் சொன்னார். ஊரில் அவர் ஓர் இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர். "நாங்கள் வாசிச்சது ஒரேயொரு கசெட். இடப்பெயர்விலை துலைஞ்சு போச்சுது. ஆராவது எடுத்து வச்சு எழுதமாட்டினமோ எண்டு கனகாலம் பாத்தனான்."

சரி என்று சிடியை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். எழுத உட்கார்ந்தால்தான் வண்டவாளம் தெரிந்தது. சென்னையில் கம்பெனிப் பரீட்சைக்காகப் படித்த மொழியில் காதுக்குப் புரிவது மட்டும் மிஞ்சியிருந்தது, எழுத்து பன்னிரண்டு வருடத்தில் கையைவிட்டுப் போயிருந்தது. அதைச் சொல்ல என் கௌரவம் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, அனுப்பியாச்சோ என்று கேட்டபோது, ஆமாண்ணே என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எட்டு மாதம், ஒவ்வொரு வெள்ளியும் பத்து மணிக்கு, தேநீரோடு என் மேசைக்கு வருவார்.

"பதில் வந்ததோ?"

"இன்னும் இல்லண்ணே."

பிறகு ஒரு வெள்ளியோடு கேட்பதை நிறுத்திவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து நிம்மதிப்பட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இறுதிச் சடங்கு முடிந்து கிளென்ஃபீல்டில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அழுதுகொண்டே புஷ்பம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்குத் தெரியும் பிள்ளை. ஸ்டேப்ளர் எடுக்க உங்கட மேசை லாச்சியைத் திறந்தவராம், சிடி அப்பிடியே கிடந்ததாம். போய்க் கேளுங்கோ எண்டு நான்தான் சொன்னன். 'கேட்டா அவள் வெக்கப்படுவாள். எழுத வராமல்தான் வச்சிருக்கிறாள், ஒருநாள் எழுதுவாள்' எண்டவர்."

நான் பொய் சொன்னது தெரிந்த பிறகும் கடைசி நாலு மாதம் அதே மேசையில் என்னோடு தேநீர் குடித்திருக்கிறார். ஒரு சொல், ஒரு பார்வைகூட மாறவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மறுநாள் அந்தக் கடிதத்தை எழுதினேன். குழந்தைக் கையெழுத்தில், பிழைகளோடு, நாலே வரி. 'இது உங்கள் சிடி. ஆக்லாந்தில் ஒருவர் இதைப் பலமுறை கேட்டார். ஒருமுறைகூட நடுவில் நிறுத்தவில்லை. அவரும் ட்ரம்ஸ் வாசித்தவர்.' அனுப்புநர் இடத்தில் அவர் பெயரையும் கிளென்ஃபீல்ட் முகவரியையும் எழுதி, தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் பத்து மணிக்குப் புஷ்பம் அக்காவுக்கு ஃபோன் செய்து, பதில் வந்ததா என்று கேட்கிறேன். இன்னும் இல்லைப் பிள்ளை என்கிறார். தவராசா அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். அதைக் கேட்கும்போதுதான் தெரிகிறது, அந்த எட்டு மாதமும் அவர் எவ்வளவு ஆசையோடு கேட்டிருக்கிறார் என்று.