பொட்டலமாய்ப் போன பக்கம்

கச்சாங் பூத்தே என்று வறுகடலை விற்கிற அப்பாசாமிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கடலை தீய்ந்தால் அடுப்பைத் திட்டுவார், மழை பெய்தால் வானத்தைத் திட்டுவார். ஒரே மகள் சந்திரமதி தன் இஷ்டத்துக்குக் கம்போங் செட்டி என்கிற பழைய குடியிருப்பைச் சேர்ந்த அப்புவைக் கட்டிக்கொண்டபோது மட்டும் அவர் திட்டவில்லை. தலைமுழுகிவிட்டார். அந்த வீட்டிலும் சாமி கும்பிடுகிறார்கள், விபூதி பூசுகிறார்கள். ஆனால் பேச்சு மலாய். “தமிழே தெரியாத வீட்டுல எம்பொண்ணா?” என்று கல்யாணத்துக்கே போகவில்லை. மூன்று வருஷமாகிறது. புக்கிட் பாரு வீட்டிலிருந்து தினமும் சாயங்காலம் தட்டோடு காஜா பேராங் முனைக்கு வருகிறவர், மகள் வீட்டுச் சந்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

கடலை மடிக்கத் தாள் வேண்டுமே. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அந்த வருஷம் பழைய பேப்பருக்குப் பெரிய தட்டுப்பாடு. சுதந்திரச் செய்தி வந்த பேப்பரை ஆளாளுக்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். கடைக்காரர் கைவிரித்துவிட்டு, ஊருக்குக் கப்பல் ஏறிய ஒரு வாத்தியார் வீட்டில் கிடந்ததென்று முன்னட்டை போன தடித்த தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தள்ளிவிட்டார். ஏசுநாதர் வாழ்ந்த கதை.

அப்பாசாமி சன்னாசிமலைக்கு வருஷா வருஷம் காவடி எடுப்பவர். அந்தக் கதையில் அவருக்கென்ன வேலை? ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவருக்குக் கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்காது. ஒரு தாளை வாசிப்பார், கிழிப்பார், சுருட்டுவார். நாலாம் நாள் சுருட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தே அவன் காலையும் சேர்த்துக் கழுவுகிறாரே இந்த மனுஷர்!

“இது என்ன அநியாயம், பொன்னம்மா!” என்று மனைவியிடம் கத்தினார். “நானா இருந்தா அந்தக் காலை உடைச்சிருப்பேன்.”

“தெரியும்” என்றாள் பொன்னம்மா, தலையைத் தூக்காமல்.

எட்டாம் நாள்தான் அந்தத் தாள் வந்தது. குருவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூத்த சீடன் முற்றத்தில் குளிர் காய்கிறான். ‘நீயும் அவரோடு இருந்தவன்தானே?’ என்று கேட்கிறார்கள். ‘அந்த ஆளை எனக்குத் தெரியாது’ என்கிறான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிறகு வெளியே போய் அழுகிறான்.

அப்பாசாமி தாளைக் கீழே வைத்தார். தினமும் சாயங்காலம் இரண்டு பொட்டலம் வாங்கும் செட்டி அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். கெபாயாச் சட்டை போட்டு, சாரோங் கட்டி, நெற்றியில் விபூதியோடு வருவாள். பேர் நாகம்மா. “அனாக் ஆடா?” என்று ஒருநாள் கேட்டாள், பிள்ளைகள் உண்டா என்று. “தாக் ஆடா” என்றார். இல்லையாம்! தீபாவளிக்கு முதல் நாள் கேட்டாள், இல்லை. தீபாவளி கழிந்து கேட்டாள், அப்போதும் இல்லை. விரல் விட்டு எண்ணினார். சரியாக மூன்று.

அந்தச் சீடனை அப்புறம் என்ன செய்தார்கள்? பதறிப்போய் அடுத்த தாளைத் தேடினால் தாளே இல்லை, வெறும் பின்னட்டை. படிக்கத் தெரியாத பொன்னம்மா, தினமும் காலையில் தன் பங்குக்குப் புத்தகத்தைப் பின்னாலிருந்தே கிழித்துச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். முன்னாலிருந்து வந்தவரும் பின்னாலிருந்து வந்தவளும் அந்த இடத்தில் முட்டிக்கொண்டார்கள்.

“மிச்சக் கதை எங்கடி?”

“வித்தாச்சு. உங்க கையாலதான் வித்தீங்க.” அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அவனை மன்னிச்சாரோ இல்லையோ, உங்களுக்கு என்ன வந்துச்சு?”

அவர் கடலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் நாகம்மா வந்ததும், கடலை சுற்றிய தாளையெல்லாம் எறிந்துவிட்டாயா என்று தன் அரைகுறை மலாயில் கேட்டார். எறியவில்லை என்று அவள் தலையாட்டினாள். “மாரி”, வாருங்கள் என்று கையசைத்துக் கூப்பிட்டு முன்னால் நடந்தாள். அவரும் தட்டோடு பின்னால் போனார். அவள் எந்தச் சந்தில் திரும்பினாள் என்பது, வாசல் மாவிலைத் தோரணம் தலையில் இடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

உள்ளே சந்திரமதி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

கல்யாணத்துக்குப் போகாதவருக்குச் சம்பந்தியின் முகம் எப்படித் தெரியும்? தினமும் கடலை வாங்கிப் போனது மகளுடைய மாமியார். பேரப்பிள்ளை பிறந்ததுகூடத் தெரியாமல் மாமியார்க்காரியிடமே ‘பிள்ளை இல்லை’ என்று சொல்லியிருக்கிறார்! வெட்கத்தில் அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

“மூணு தடவையும் கேக்கச் சொன்னது நான்தாம்பா” என்றாள் சந்திரமதி.

பிஸ்கட் டின்னைத் திறந்தாள். கசங்கிய தாள்களெல்லாம் நீவி நீவி அடுக்கி இருந்தன. “இந்த வீட்டுல தமிழ் படிக்க வேற ஆளில்ல. நீங்க மடிச்ச தாளு, எப்படிப்பா குப்பையில போடுறது?”

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் அவர் வாயைத் திறந்தார். வந்தது வேறு. “அந்த மூத்த சீடன்… அவனை அவரு என்னம்மா பண்ணாரு?”

அவள் டின்னைக் கிளறி ஒரு தாளை எடுத்தாள். எண்ணெய்க் கறை படிந்த தாள். வாசிக்காமலே சொன்னாள். “அவரைக் கொன்னுட்டாங்க, ஆனா உயிரோட எழுந்து வந்தாருப்பா. கரையில நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வச்சு, சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டாரு.”

“ஏன்டா அப்படிச் சொன்னேன்னு கேக்கலியா?”

“அதைக் கேக்கவே இல்ல. என்மேல அன்பு இருக்கான்னுதான் கேட்டாரு. மூணு தடவ.”

அப்பாசாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அடுப்படிக்குப் போன நாகம்மா ஒரு தட்டில் சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கோபமா கேலியா என்று தெரியாத முகத்தோடு, “அனாக் ஆடா?” என்று கேட்டாள்.

“ஆடா” என்றார். உண்டு என்று சொன்னது துண்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. துண்டை எடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.