யாக்கோப்பின் அமிகா

யாக்கோப்பு ஜேர்மனியிலிருந்து நாரந்தனைக்குத் திரும்பி வந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசி, வடக்குக்கான தரைப்பாதை திறந்திருந்த 2003ஆம் ஆண்டு அது. டோர்ட்முண்ட் நகரத்தில் ஓர் உணவகத்தில் பதினெட்டு வருடம் கோப்பை கழுவியவர், கல்யாணம் கட்டாதவர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்ன கொண்டுவருவார்கள் என்பது தீவுப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். யாக்கோப்பு இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். சின்னதில் அவருடைய உடுப்புகள் இருந்தன. பெரியதில் ஓர் அமிகா இருந்தது.

அமிகா என்பது எண்பதுகளில் வீட்டுப் பாவனைக்கென்று விற்கப்பட்ட கொம்பியூட்டர். தட்டச்சுப் பலகை ஒன்று, அதன் வயிற்றுக்குள்ளேயே முழு இயந்திரமும். ரி.வி.யில் கொளுவினால் போதும், படம் கீறலாம், கீறிய படத்தை ஓடவைக்கலாம். யாக்கோப்பு அதை 1988இல் வாங்கினார். நாலு தீவார் ஒன்றாகக் கிடந்த அறையில், வேலையில்லாத நாட்களில் அதன் முன்னால் குந்தியிருப்பார். ஒருமுறை தீவுகளின் வரைபடத்தைக் கீறி நாலு பேரின் வீடுகளையும் அதில் வைத்தார். மடத்துவெளிக்காரன் ஒருவன் தன் வீட்டுக் கிணறு வலப்பக்கம்தான் என்று சண்டைபிடித்து, அது சரிவரும்வரை மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தான். பிறகு புதிது புதிதாக எத்தனையோ கொம்பியூட்டர்கள் வந்தன. அறைக்காரர்கள் அவற்றை வாங்கினார்கள். யாக்கோப்பு மாறவில்லை.

பண்ணைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் கடற்படைக்காரர்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

"இது என்ன?" என்று கேட்டார் அதிகாரி. தமிழ் ஓரளவு பேசுவார்.

"கொம்பியூட்டர் ஐயா."

"இது கீபோட். கொம்பியூட்டர் எங்கே?"

"இதுதான் ஐயா கொம்பியூட்டர்."

அதிகாரி பலகையைத் தூக்கிக் கீழே பார்த்தார், பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தார். மிச்சத்தை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாவடிக்குள் கிரிக்கெட் பார்ப்பதற்கு ஒரு ரி.வி. இருந்தது. யாக்கோப்பு அதைக் கேட்டு வாங்கி வயரைக் கொளுவி, புளொப்பித் தட்டைப் போட்டு, ஒரு தாமரைப் பூவைக் கீறிக் காட்டினார். கிரிக்கெட் தடைப்பட்ட கோபத்தில் நின்ற மூன்று சிப்பாய்களும் கிட்ட வந்தார்கள். அதிகாரி தன் மகளின் பெயரைக் கடதாசியில் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். யாக்கோப்பு அதைப் பார்த்துப் பூவுக்குக் கீழே அப்படியே கீறினார். அதிகாரி கன நேரம் திரையைப் பார்த்தார்.

"இதை வீட்டுக்கு எடுத்துப்போக ஏலுமா?"

"ரி.வி.யைத்தான் கொண்டுபோகவேணும் ஐயா."

அப்படித்தான் அமிகா தீவுக்குள் வந்தது.

யாக்கோப்பின் தமக்கை பிலோமினம்மா கணவனை இழந்தவர், தனியாக இருந்தார். பெரிய பெட்டியின் பாரத்தைப் பார்த்துத் தையல் மெசின் என்று நினைத்து, அதற்கு ஜன்னலோரம் இடமும் ஒதுக்கிவிட்டார். அந்த இடத்தில் அமிகா ஏறியது.

"இதில தைக்க ஏலாதோ?"

"ஏலாது அக்கா."

"அப்ப இதை ஏன் சுமந்துகொண்டு வந்தனி?"

யாக்கோப்பு குனிந்து வயரைக் கொளுவத் தொடங்கினார்.

இரண்டாம் கிழமை, கறண்ட் கூடிக் குறைந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், திரை முழுவதும் கறுத்து, மேலே சிவப்புப் பெட்டி ஒன்று விட்டுவிட்டு மின்னியது. யாக்கோப்பு கிணற்றடியில் நின்றார். பிலோமினம்மா நேரே கோவிலுக்கு ஓடிப் பங்குச் சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுவாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் இருந்த ஆங்கிலத்தை வாசித்தார்.

"குரு மெடிற்றேசன். குருவின் தியானம். யாக்கோப்பு, இது என்னைப்பற்றிச் சொல்லுதோ?"

"இல்லைச் சுவாமி. கொம்பியூட்டர் படுத்திட்டுது எண்டு அர்த்தம். செய்தவங்கள் பகிடிக்கு அப்படிப் போட்டிருக்கிறாங்கள்."

"அப்ப என்ன செய்யிறது?"

"நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடவேணும்."

"அப்படியெண்டால் செய்யுமன்."

செய்தார், இயங்கியது. சுவாமியார் வந்தபடியால்தான் சரிவந்தது என்று பிலோமினம்மா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

வேலணையில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திய றெக்ஷன் ஒருநாள் இதைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தான். இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை, எங்கட வகுப்பில எறிஞ்ச கொம்பியூட்டரே இதைவிட நூறு மடங்கு வேகம்" என்றான்.

"அதில நீர் என்ன கீறினனீர்?" என்று யாக்கோப்பு கேட்டார்.

றெக்ஷன் ஒன்றும் கீறியிருக்கவில்லை.

அமிகாவுக்கு வேலை கொடுத்தவர் பிலிப்பு. ஊர்காவற்றுறையில் ஒரேயொரு வீடியோக்காரர். அந்த நாட்களில் கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு, செத்தவீடு எல்லாம் வீடியோவில் ஏறித்தான் கனடாவுக்கும் சுவிஸுக்கும் போகும். படத்தின் தொடக்கத்தில் வருகிற பெயர்களுக்குப் பிலிப்பு அட்டையில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, அதைக் கமெராவுக்கு முன்னால் பிடிப்பார். ஒருமுறை படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மணமகனின் பெயரில் ஓர் எழுத்து கழன்று விழுந்து, மிச்சம் வாசிக்கத் தகாத சொல்லாகிவிட்டது. அன்றிலிருந்து பிலிப்பு வேறு வழி தேடிக்கொண்டிருந்தார்.

யாக்கோப்பிடம் கமெராப் படத்துக்கு மேலே எழுத்தை ஏற்றிப் பதிகிற சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. டோர்ட்முண்ட் பழஞ்சாமான் சந்தையில் வாங்கியது, பதினொரு வருடமாக ஒரு வேலைக்கும் எடுபடாமல் கிடந்தது. அமிகாவுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே அவர் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் புள்ளி புள்ளியாய்க் கீறினார். 'ட' ஐந்து நிமிடத்தில் முடிந்தது. 'ஸ்ரீ'க்கு ஒரு காலைப்பொழுது போனது. பிறகு மேலேயிருந்து பொழிகிற சிவப்பு இதயங்களைச் செய்தார். இரண்டு வெள்ளைப் புறாக்கள் ஆளுக்கொரு மோதிரத்தைக் கவ்விக்கொண்டு வந்து நடுவில் சேர்த்து வைத்துவிட்டுப் பறந்துபோகும். ஒரு புறாவின் செட்டை சரியாக அடிக்காது, கொஞ்சம் நொண்டும். அதையும் சனம் விரும்பியது.

முதல் வீடியோ போன பிறகு இதயம் விழாத கல்யாணம் கல்யாணமில்லை என்றாகிவிட்டது. பெண் வீட்டார் பெயர்ப் பட்டியலோடு வருவார்கள். அப்புத்துரை என்ற மனிதர் தன் பெயருக்குப் பின்னால் 'இளைப்பாறிய இ.போ.ச. பஸ் பரிசோதகர், முன்னாள் சனசமூக நிலையத் தலைவர், மணமகளின் தாய்மாமன்' என்று முழுதும் வரவேண்டுமென்றார்.

"அண்ணை, இவ்வளவும் ஒரு திரையில கொள்ளாது."

"அப்ப ரெண்டு திரையில போடும். எனக்கு அவசரமில்லை."

அந்தக் கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதைவிட அப்புத்துரை நீளமாக ஓடினார்.

பிலோமினம்மாவுக்குத் தம்பியின் புகழில் பெருமைதான், ஆனாலும் சோறு போடும்போது சொல்லாமல் விடமாட்டார். "ஊரிலயுள்ள சோடிகளுக்கெல்லாம் மோதிரம் மாத்துறாய். உனக்கு ஒண்டு பாப்பமெண்டால் எழும்பி ஓடுறாய்."

2004ஆம் ஆண்டு ஆவணி மாதம், சரவணையில் புகையிலைத் தோட்டம் செய்துவந்த கதிர்காமு எண்பது வயதில் காலமானார். மூன்று பிள்ளைகளும் கனடாவில், ஒருவருக்கும் வரமுடியவில்லை. செத்தவீட்டைப் பிலிப்பு எடுத்தார். அதே கிழமை அவருக்கு இரண்டு கல்யாணங்களும் இருந்தன. கதிர்காமுவின் மருமகன் முறையான ஒருவர் கனடாவுக்குத் திரும்புகிறவர், மத்தியானம் பஸ் ஏறுவதற்குள் கசெற் கையில் வேண்டுமென்று நின்றார்.

யாக்கோப்பு நேரத்தை மிச்சம்பிடிக்கக் கல்யாண எழுத்தையே எடுத்து, பெயர்களை அழித்து, கதிர்காமுவின் பெயரையும் பிறப்பு இறப்புத் திகதிகளையும் கீறினார். அதை ஒரு புளொப்பியில் சேமித்தார். பிறகு இதயங்களையும் புறாக்களையும் அழித்து, ஒரு குத்துவிளக்கை வைத்து, இன்னொரு புளொப்பியில் சேமித்தார். பதிய இருந்த நேரத்தில் கறண்ட் ஒரு துள்ளுத் துள்ளியது. ரி.வி. புகைந்து அணைந்தது. அமிகா தப்பிவிட்டது.

"படம் தெரியாமல் பதிய ஏலுமோ?" என்று பிலிப்பு கேட்டார்.

"எந்த விசை எப்ப அமத்தவேணுமெண்டு எனக்குப் பாடம்."

விசைகள் எல்லாம் சரியாகத்தான் அமத்தினார். போட்ட புளொப்பிதான் முதலாவது.

அடுத்த நாள் காலை பிலிப்பு தன் வீட்டு ரி.வி.யைக் கொண்டுவந்தார். இருவரும் மிஞ்சிய பிரதியைப் போட்டுப் பார்த்தார்கள். பறைமேளம் அடிக்க, பிரேதம் படலையைத் தாண்டியது. கதிர்காமுவின் பெயர் பொன்னிறத்தில் எழுந்தது. அதன் மேல் இதயங்கள் பொழியத் தொடங்கின. பாடை ஒழுங்கையால் திரும்பும்போது புறாக்கள் இரண்டு பக்கத்தாலும் வந்து மோதிரங்களைச் சேர்த்து வைத்தன. நொண்டிப் புறா கடைசியாகப் போனது. சுடலையில் புகை எழும்ப, 'இல்லறம் இனிதே தொடங்குக' என்று வந்து முடிந்தது.

பிலிப்பு ரி.வி.யை நிறுத்தினார்.

"கசெற் இப்ப எங்க நிக்கும்?" என்று யாக்கோப்பு கேட்டார்.

"பிளேனில."

"அப்ப நாங்கள் போய்ச் சொல்லவேணும்."

"நீர் போய்ச் சொல்லும்" என்றார் பிலிப்பு. "நான் மோட்டச்சைக்கிளை நிப்பாட்டாமல் வைச்சிருக்கிறன்."

கதிர்காமுவின் மனைவி சின்னத்தங்கம் முன் விறாந்தையில் இருந்தார். யாக்கோப்பு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இதயம் என்ற சொல்லைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஒருமாதிரிச் சிவப்பாய், மேலயிருந்து..." என்று கையால் காட்டினார்.

"எனக்கு அதைப் போட்டுக் காட்டும்" என்றார் சின்னத்தங்கம்.

"வேண்டாம் அம்மா. திருத்திக் கொண்டாறன்."

"பொம்பிளையள் படலை மட்டும்தானே போறது. அங்கால அவரை எப்படிக் கொண்டுபோனவை எண்டு நான் பாக்கேல்லை. போடும்."

பக்கத்து வீட்டு ரி.வி. வந்தது, பக்கத்து வீட்டாரும் வந்தார்கள். யாக்கோப்பு தூணுக்குப் பின்னால் நின்றார். இதயங்கள் விழத் தொடங்கியபோது யாரோ ஒரு பெண் சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. சின்னத்தங்கம் மட்டும் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னார்.

"அந்தக் குருவியள் என்ன?"

"புறா, அம்மா."

"ஒண்டுக்குக் காலில ஏதும் வருத்தமோ?"

"செட்டையில, அம்மா. என்ர பிழைதான்."

சின்னத்தங்கம் திரையைக் கையால் காட்டினார். "எங்கட கலியாணத்துக்கு ஒரு படம்கூட எடுக்கேல்லை. அந்த மனுசன் வீண்செலவு எண்டிட்டார். ஐம்பத்தொரு வருசம் அதைச் சொல்லித்தான் நான் அவரோட சண்டை பிடிச்சனான்." பிறகு சொன்னார்: "இதில ஒண்டுதான் பிழை. மோதிரம் ரெண்டு கிடக்கு, பேர் ஒண்டுதான் கிடக்கு."

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு, சின்னத்தங்கம் ஓட்டோவில் நாரந்தனைக்கு வந்தார். பிலோமினம்மா கதிரை போட்டுக் கொடுத்தார். யாக்கோப்பு 'சின்னத்தங்கம்' என்று புள்ளி புள்ளியாய்க் கீற, அவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். றோஸ் நிறம் வேண்டாம், அது குமர்ப்பிள்ளைகளுக்கு என்றார். பச்சையைப் போட்டுப் பார்த்தார்கள், புகையிலைக் கொழுந்தின் பச்சை வரவேண்டும் என்றார். அது வருவதற்குள் மூன்று முறை தேத்தண்ணி ஊற்றவேண்டியிருந்தது. 'இல்லறம்' என்று தொடங்கிய வரியை அழிக்கவேண்டும் என்பதை மட்டும் அவர் ஒத்துக்கொண்டார்.

இதற்கிடையில் கனடாவிலிருந்து மூத்த மகன் பிலிப்புக்குத் தொலைபேசி எடுத்து, இதைச் செய்த ஆளை விடமாட்டேன் என்றிருந்தார். பிலிப்பு அதைச் சின்னத்தங்கத்திடம் போய்ச் சொன்னார். அவர் மகனிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான்தான் போடச் சொன்னனான். அப்பா செத்ததுக்கு வர நேரமில்லாதவை எழுத்தைப்பற்றிக் கதைக்கவேண்டாம்." அதற்குப் பிறகு கனடாவிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அதனால் வந்த வினை வேறு. வேலணையிலும் புங்குடுதீவிலும் செத்தவீட்டுக்காரர்கள் வந்து, "கதிர்காமருக்குப் போட்டமாதிரி" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் தன் தகப்பனுக்கு இதயம் வேண்டாம், புறா மட்டும் போதும் என்றார். யாக்கோப்பு எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "மனுசி உயிரோட இருக்கிறாவோ? அவ சம்மதமோ?" மனைவியே நேரில் வந்து கேட்டால்தான் போட்டார். இரண்டு வருடத்தில் ஏழு பேர் வந்தார்கள். ஒரு அம்மா வந்து, தன் கணவனுக்கு ஒன்றுமே போடவேண்டாம், அந்த ஆளுக்குக் குத்துவிளக்கே அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

2006இல் சண்டை மீண்டும் தொடங்கியது. அல்லைப்பிட்டியில் சனம் செத்தது, ஆவணியில் பாதை பூட்டப்பட்டது. கல்யாணங்கள் பத்துப் பேரோடு, பொழுதுபடமுன் முடிந்தன. செத்தவீடுகளை எடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. பிலிப்பு குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். யாக்கோப்பு அந்த வருடங்களில் தமக்கையின் மீன்சட்டியிலிருந்து வாசலில் நின்ற நேவிக்காரனின் சப்பாத்து வரைக்கும் கண்ணில் பட்டதையெல்லாம் கீறினார். உப்புக்காற்றில் புளொப்பிகள் ஒவ்வொன்றாகப் பூஞ்சணம் பிடித்தன. கடைசிப் புளொப்பியையும் அமிகா வாசிக்கமாட்டேன் என்ற அன்று, அவர் அதைத் துடைத்து, பழைய வேட்டி ஒன்றில் சுற்றி அலுமாரியில் வைத்தார். பிலோமினம்மா தன் பட்டுச் சீலைகளை ஒதுக்கி அதற்கு இடம் விட்டுக்கொடுத்தார்.

2009 முடிவில் றெக்ஷன் வேலணைச் சந்தியில் கல்யாண அல்பம் செய்கிற கடை திறந்தான். வந்து வேலை செய்யும்படி யாக்கோப்பை அவன்தான் கேட்டான். புதிய கொம்பியூட்டரைப் பழக அவருக்கு ஒரு கிழமைதான் எடுத்தது. வேலைதான் மெதுவாக நடந்தது. ஒரு படத்துக்கு அரை நாள் எடுக்கிறார் என்று றெக்ஷன் குறைப்படுவான். வருகிற பெண்கள் என்னவோ அவருடைய மேசைக்குத்தான் போவார்கள்.

ஒருநாள் பெண்ணின் தாய் ஒருவர் மணமகனின் படத்தைக் கொண்டுவந்து, "தம்பி, இவரைக் கொஞ்சம் வெள்ளையாக்கிவிடும். சுவிஸுக்கு அனுப்பிறது" என்றார்.

"ஏலும் அம்மா. எவ்வளவுக்கு?"

"எங்கட பிள்ளையின்ர நிறத்துக்கு."

யாக்கோப்பு படத்தைப் பெரிதாக்கி நன்றாகப் பார்த்தார். "அவருக்கு இது தெரியுமோ?"

"அவருக்கு ஏன் தெரியவேணும்?"

"அல்பத்தில தன்னைத் தேடுவார், பாவம்" என்று சொல்லிவிட்டு, படத்தின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்.