சரஸ்வதி முன் வைத்த புரதம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி மனிதப் புரதம் விற்கிறது. இதைச் சொன்னால் கொரட்டூரில் எங்கள் பிளாட்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். யாரையும் பிழிந்து எடுப்பதில்லை ஐயா. மனித உடம்பில் காயம் ஆற உதவும் ஒரு புரதத்தின் ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதன் தலையிலேயே வேலையைக் கட்டுகிறோம். வந்ததைச் சுத்தம் செய்து, சின்னக் குப்பியில் அடைத்து, 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்று லேபிள் ஒட்டுகிறோம். மனிதப் புரதம் மனிதர்களுக்கு ஏன் ஆகாது என்று என் மாமியார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதலாளியின் அப்பா இதே ஷெட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அதனால் ஆயுத பூஜை எங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிசு. மெஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைப்போம். புதிதாகச் செய்த சரக்கில் முதல் உருப்படி சரஸ்வதி படத்தின் முன் இருக்க வேண்டும். லேத்தில் கடைந்த போல்ட் நாள் முழுக்க வெயிலில் கிடந்தாலும் போல்ட்தான். புரதம் அப்படியா? பிரீசரை விட்டு வந்து கற்பூரத்துக்குப் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்தால் கதை முடிந்தது.

அந்த வருஷம் முதல் உருப்படி நான் செய்த புரதம். வாங்குகிறவர் திருப்தியாகச் சொன்னால் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பயத்தில், "காலிக் குப்பியை வைக்கலாம் சார்" என்று கெஞ்சினேன்.

"இன்னாம்மா நீ, சாமிக்கே டிமிக்கி குடுக்கச் சொல்றியா? லேபிளோட நெறைச்சு வெய்யி."

நிறைத்தேன், புரதத்தைக் கரைக்கிற வெறும் உப்புக்கரைசலால். இரண்டும் பார்வைக்குத் தண்ணீர்தான். நிஜம் பிரீசரில் பத்திரமாக இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு எல்லோருக்கும் பொரி கடலை பொட்டலம் கட்டினேன். அதற்குள் முதலாளி, பூஜை போட்ட சரக்குதான் முதல் போணி ஆக வேண்டுமென்று, அந்தக் குப்பியையே ஐஸ் வைத்துக் கட்டி கூரியரில் அனுப்பிவிட்டார்.

தெரிந்ததும் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. "உடனே போன் போட்டுச் சொல்லிடலாம் சார்" என்றேன்.

"இரும்மா. அவுங்களே சொல்லட்டும்."

வாங்கியவர் வேறு ஊரில், உடம்பின் செல்களைத் தட்டில் வளர்த்து ஆராயும் ஒரு பேராசிரியர். அவரிடமிருந்து தகவல் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவழியாக மெயில் வந்தது. பிரமாதமாம். செல்கள் அருமையாக வளர்கின்றனவாம். இன்னும் வேண்டுமாம். அவர் ஊற்றுகிற மற்ற சத்துகளிலேயே அவை வளர்ந்திருக்கும். முதலாளி அதைப் பிரிண்ட் எடுத்துச் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். "பார்த்தியா, ஆத்தாவுக்கு எம்மாம் பவர் கீது!"

இரண்டாவது ஆர்டருக்கு நான் பிடிவாதமாக நிஜத்தையே அனுப்பவைத்தேன். இந்தத் தடவை பதில் காரமாக வந்தது. முதலில் அனுப்பியது போல இல்லை, செல்கள் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கின்றன, உங்கள் தரம் இறங்கிவிட்டது. புரதம் வேலை செய்தால் செல்கள் மாறத்தானே செய்யும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். குரல் தேன் மாதிரி இருந்தது. "போன தபா போட்ட மாதிரியே ஒண்ணு போட்டுக் குடும்மா. இந்த மாசமே பர்மனென்ட் பண்ணிர்றேன்."

போன தடவை என்ன போட்டேன் என்று அவருக்கும் தெரியும். முடியாது என்றேன். சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

வேறொருவர் கலக்கிக் கொடுத்தார். பேராசிரியர் இன்றுவரை எங்கள் வாடிக்கையாளர். நான் இன்னும் தற்காலிக ஊழியர்தான். உப்புத்தண்ணீர் நிரந்தரமாகிவிட்டது.