லெப் ஷரிபுதீனும் ஹவுளுக் கிருமியும்

"கண்ணாடிக்குள்ளால நான் பார்த்தா, என்ட கண்ணுக்குத் தப்பின சீவன் கல்முனையில இல்ல!"

1984ஆம் ஆண்டு, ஒரு கலியாண வீட்டில், நாலைந்து பேர் சேர்ந்துண்ணும் சஹன் தட்டிலிருந்த புரியாணியைச் சாட்சியாக வைத்து லெப் ஷரிபுதீன் இவ்வாறு பிரகடனம் செய்தார். ஆஸ்பத்திரி 'லெப்'பில் ஊராரின் சளியையும் இரத்தத்தையும் நுணுக்குக்காட்டியில் பார்ப்பது அவர் உத்தியோகம். சஹனைச் சுற்றியிருந்தவர்கள், வாய்க்குக் கொண்டுபோன சோற்றை ஒருகணம் உற்றுப் பார்த்தார்கள்.

அன்னாருக்கு அப்போது ஒரே ஓர் ஆசை. நுளம்புப் புழுக்களைக் கொல்லும் ஒருவகைப் பக்டீரியாவைக் கொழும்பிலிருந்து நுளம்பு ஆராய்ச்சிக்காரரான டொக்டர் ஜோர்ஜ் அனுப்பியிருந்தார். அதைத் தேங்காய்த் தண்ணீரில் வளர்த்து நுளம்பை ஒழித்துக் காட்டினால் கல்முனைக்குத் தனி ஆய்வுகூடம் கிடைக்கும். பொறுப்பாளர்: ஷரிபுதீன். பெயர்ப்பலகை எழுதவே ஆள் பார்த்துவிட்டார்.

பரிசோதனைக்களம், பெரிய பள்ளிவாசலின் ஹவுளு. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுளூச் செய்யக் குந்துகிறவர்கள் முதலில் புழுக்களை விலக்க வேண்டியிருந்த தொட்டி அது. பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார் ஸைனுலாப்தீன், ஷரிபுதீன் கொடுத்த பக்டீரியாப் போத்தலைத் தூரத்தில் பிடித்தபடி கேட்டார்:

"தம்பி, வுளூ எடுக்கிற தண்ணிக்குள்ள கிருமிய ஊத்தச் சொல்றீங்களா?"

"இது நல்ல கிருமி மரைக்கார். மனிசருக்கு ஒண்டும் செய்யாது."

"ஓ, அஞ்சு நேரமும் தொழுற கிருமியாக்கும்!"

ஆனாலும் ஊற்றுவதாக ஏற்றுக்கொண்டார். ஷரிபுதீன் தொழுவது வேறு பள்ளியில். எனவே பாங்கு சொல்லும் மோதினார் தினமும் ஒரு போத்தல் ஹவுளுத் தண்ணீரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். ஷரிபுதீன் அதைச் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடியில் ஆராய்ந்தார். அடுத்த வெள்ளிக்குள் ஒரு புழு இல்லை! அதன்பின் அவருடைய பதில் சலாமில்கூட ஒரு விஞ்ஞானக் கனம் ஏறிவிட்டது.

டொக்டர் ஜோர்ஜ் பார்வையிட வரும் நாளில், முன்கூட்டியே போன ஷரிபுதீன் ஹவுளுக்குள் கையை விட்டார். விரலை ஏதோ கடித்தது. மீன். ஒன்றல்ல, கூட்டம். ஒவ்வொன்றும் விரல் நீளம்.

"மரைக்கார், இதென்ன?"

"உங்கட மருந்த ஊத்தின அண்டே மீனும் உட்டன் தம்பி. தண்ணி கூடாதெண்டா மீன் செத்துரும்தானே, அத அறியத்தான். பாருங்க, எப்பிடிக் கொழுத்திருக்கி! நான் சும்மாவும் ஊத்தல்ல. கிருமியெண்டீங்க, நல்லாக் கொதிக்க வெச்சித்தான் ஊத்தினன்."

அதற்குள் டொக்டர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு கோப்பை தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

"அருமை! எல்லாம் உங்கட பக்டீரியாட வேலைதானே?"

ஓர் "ஓம்" போதும், ஆய்வுகூடம் எழும்பிவிடும். மரைக்காரும் மோதினாரும் அந்த "ஓம்"முக்காகப் பெருமையோடு காத்து நின்றார்கள்.

ஷரிபுதீன் டொக்டருக்கென்று வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து நொறுக்கி, ஹவுளுக்குள் தூவினார். மீன்கள் மொய்க்க, கொதித்தாற்போல் எழுந்தது தண்ணீர்.