தோல் என்று சொல்லாதவர்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வரதாச்சாரி முப்பது வருஷமாகக் குமாஸ்தா. ஆனால் 'தோல்' என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. 'சரக்கு' என்பார். தோல் என்றால் தீட்டு. சரக்குக்கு ஏது தீட்டு? வீட்டில் வாழைப்பழத் தோல்கூட 'சரக்கு' ஆகிவிட்டது. மாலையில் கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டால் மனிதர் பரிசுத்தம். நாற்றமா? அவர் மூக்குக்கு அது எட்டியதே இல்லை.

பெண்ணுக்கு வரன் பார்க்கக் குடியாத்தத்துக்கு ரயிலேறினார். எதிரே இருந்த நெசவுக்காரர் மூக்கைப் பொத்தினார்.

"இன்னா நாத்தம்யா இது!"

உடனே வரதாச்சாரியும் அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டார்.

"எவனோ தோல் ஷாப்புக்காரன் ஏறியிருக்கான்!" என்று கத்தினார். அந்த வார்த்தை அன்றுதான் வெளியே வந்தது.

மேல்பட்டி ஸ்டேஷனில் இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடினார். நாற்றமும் கூடவே ஏறிக்கொண்டது.