மடுக்காரி கேட்ட கண்ணீர்

முச்சனேட்டாவுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். முட்டிரிக்வி ஆற்றங்கரையில் பிறந்தும் பன்னிரண்டு வயதுவரை முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. "தவளை கத்துனாக்கூட ஓடுவா" என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள்.

அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோதுதான் ஆறு வயதுத் தம்பி ஃபராயை மடுக்காரி உள்ளே இழுத்துக்கொண்டாள். மடுவின் அடியில் வாழும் நீர்ப்பெண் அவள். அவள் கொண்டுபோனவருக்காக வீட்டில் ஒருவரும் அழக் கூடாது. அழாதிருந்தால் என்றைக்காவது திருப்பி அனுப்புவாள். அழுதால் போனது போனதுதான்.

மூன்றாம் நாள் காலை, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் அம்மா வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுவதை முச்சனேட்டா பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நேரே மடுவுக்குப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள்.

அடியில் ஈரமே இல்லாத மணல்வெளி. மடுக்காரியின் மடியில் ஃபராய் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஒங்க அம்மா அழுதுட்டாளே. இனி இவன் எனக்குத்தான்" என்றாள் மடுக்காரி.

"அவனை விட்டுடு. நான் இங்கயே இருந்துடறேன்."

"பயந்தாங்கொள்ளிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஒன் கண்ணீரைக் குடு, மொத்தமும். சாகுறவரைக்கும் ஒரு சொட்டு வராது."

"எடுத்துக்கோ."

குளிர்ந்த விரல்கள் அவள் இமைகளை அழுத்தின.

தம்பியைத் தோளில் சுமந்து கரையேறியவளுக்கு ஊரே மேளம் கொட்டியது. இரண்டு மழைக்காலம் ஃபராய் ஓடியாடித் திரிந்தான். பிறகு ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகும் கழுதை வண்டியிலேயே, அக்காவின் மடியில், அவன் மூச்சு நின்றது.

குழிக்கரையில் பெண்கள் புரண்டு அழுதார்கள். முச்சனேட்டாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கண் மட்டும் காய்ந்து கிடந்தது.

"பாறையாட்டம் நிக்கிறா பாரு, சூனியக்காரி!" என்றாள் அத்தை.

அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ முதுகுல கட்டி வளத்த புள்ளடி! ஒரு சொட்டுகூடவா வரல ஒனக்கு?"

சொல்லிவிடலாம். சொன்னால், அன்றைக்கு அழுததால்தான் இந்த விலை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

"வரலம்மா" என்றாள்.

அதற்குப்பின் அவள் கிண்டிய சோளக்களியை அம்மா தொடவில்லை. பெண் கேட்டும் யாரும் வரவில்லை. ஒருமுறை மடுவில் மறுபடி குதித்துப் பார்த்தாள். சேறும் அழுகிய இலைகளும்தான் கைக்கு வந்தன.

அம்மா இறந்தபோது ஒரு பிடி மண் போடக்கூட அவளைக் கூப்பிடவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, நிலக்கடலைக் கொல்லைக்குப் போய்க் களை பறித்தாள்.