படுக்காத பேட்டரி

என் அத்தை வீட்டுக் குளியலறையில் ரொம்ப நாளாக ஒரு தூண்டிலில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மாமாவுடைய தூண்டில். ஒரு காலத்தில் அதை யாராவது தொட்டாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்புறம், தூங்கும்போது அவருக்கு மூச்சு விட்டுவிட்டு நிற்க ஆரம்பித்தது. இனி மூச்சு மிஷினை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும், ஒரு ராத்திரிகூட விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். மாமா மீன் பிடிக்கிற ஏரிக்கரையில் கரண்ட் கம்பமே கிடையாது. விடியும்போது தூண்டில் போட வேண்டுமென்றால் முந்தின ராத்திரியே போய் அங்கே தங்கியாக வேண்டும். "மீன் பிடிக்கறதெல்லாம் எனக்குப் புளிச்சுப் போச்சு" என்று சொல்லித் தூண்டிலைக் குளியலறை மூலையில் சாத்திவிட்டார். அது பொய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அத்தை பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். நாங்கள் வைத்த பெயர் ஹாரன் அத்தை. குரல் அப்படி. ஓய்வு பெற்றதும் யாரையும் கேட்காமல், காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு ஒன்றைப் பழையதாக வாங்கிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் கூரை.

"இனிமே வீட்டையே ஏரிக்கரைக்கு இழுத்துட்டுப் போறோம்" என்றாள்.

அன்று சாயங்காலம் மாமா துண்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, தூண்டிலின் உருளை சுற்றுகிறதா என்று பார்த்ததை நான் பார்த்துவிட்டேன்.

மிஷினை ஓட்டுவதற்கான பேட்டரி விஷயத்தில் மூக்கை நுழைத்தது என் அப்பா. அத்தையின் தம்பி. "பேட்டரின்னா பேட்டரிதானேக்கா" என்று தன் காரிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொடுத்தார். மாமாவை டிரெய்லரில் படுக்கவைத்து வாசலிலேயே ஒரு ராத்திரி ஒத்திகை பார்த்தார்கள். விடிவதற்குள் பேட்டரி படுத்துவிட்டது. மிஷின் நின்று, மாமா திணறி எழுந்து, தட்டுத்தடுமாறி வீட்டுக்குள் வந்திருக்கிறார்.

"விட்டுடு. இதுக்கு மேல எனக்கு ஆசை காட்டாதே" என்றார் மாமா காலையில் அத்தையிடம். அதைக் கேட்டபோது எனக்கு அப்பாமேல் வந்த எரிச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அத்தை வாசலுக்குப் போய், பேட்டரி முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அவரு படுக்கணும்னா இது படுக்கக் கூடாது" என்றாள். தெருவுக்கே கேட்டது.

அவளுக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. கார் பேட்டரி இஞ்சினை ஒரே மூச்சில் எழுப்பிவிட்டு ஓய்வெடுக்கிற ஜாதி. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னால் அதற்கு ஆகாது. நிதானமாகக் கொடுக்கிற பேட்டரி வேறு இருக்கிறது. அதைத் தேடிக் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் முதலில் லித்தியம் பேட்டரியைக் காட்டினார். எடை குறைவு, ஆனால் டிரெய்லரில் இருக்கிற பழைய சார்ஜர் அதற்குச் சேராது, அதையும் மாற்ற வேண்டும். அத்தை வேண்டாம் என்றாள். அடுத்து, தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கிற பெரிய பேட்டரி ஒன்றை இழுத்துவைத்தார்.

"ராத்திரி முழுக்க ஓடும்மா. கேரண்டி."

"உங்க கேரண்டிய மூஞ்சில மாட்டிக்கிட்டு அவரால தூங்க முடியுமா தம்பி?"

சொல்லிவிட்டுப் பையிலிருந்து மாமாவின் மூச்சு மிஷினையே வெளியே எடுத்தாள்! ஈரக் காற்றுக்காகச் சூடாகிற தட்டு கரண்டைக் குடிக்கும் என்று அதை அணைத்தாள். முழு சார்ஜில் இருந்த பேட்டரியில் ஒயரை மாட்டி, முகமூடியை அணிந்து, கடை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லட்டுமா என்று பதறினார்கள். நான் ஒவ்வொருவரிடமும் "பேட்டரி வாங்க வந்திருக்காங்க" என்று விளக்கி மாய்ந்துபோனேன். ஹாரன் அத்தை ஒரு பகல் முழுக்கப் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"அம்மா, கடையைச் சாத்தணும்" என்று கடைக்காரர் கெஞ்சியபோது எழுந்தாள். மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். பாதிகூட இறங்கவில்லை. பாதிக்குக் கீழே இறங்க விட்டால்தான் இந்தப் பேட்டரிக்கு ஆயுசு குறையும் என்று கடைக்காரர் சொன்னார். "பாதிக்கு மேலயே வேலை முடிஞ்சிடுது. கட்டுங்க" என்றாள்.

அப்புறம் அந்தப் பேட்டரிக்கு நடந்த ராஜோபசாரம் எனக்குக்கூட நடந்ததில்லை. குழாய்த் தண்ணீரைப் பக்கத்தில் விடமாட்டாள், பேட்டரித் தண்ணீர்தான். முனைகளில் உப்புப் பூக்கிறதா என்று பார்த்துத் துடைத்து வாஸ்லின் தடவுவாள். சார்ஜ் ஏறும்போது வாயு வரும் என்பதால் படுக்கைப் பக்கம் வைக்காமல், டிரெய்லருக்கு வெளியே காற்றோட்டமான பெட்டியில் வைத்தாள். ஒத்திகைக்கு ஓட்டினால் அன்றே மறுபடி முழுசாக ஏற்றிவிடுவாள்.

"என்னை ஒரு நாளாவது இப்படித் துடைச்சிருக்கியா?" என்றார் மாமா.

"நீங்க படுத்தா எழுந்திருச்சிடுவீங்க. இது படுத்தா எழுந்திருக்காது" என்றாள் அத்தை. மாமா சிரித்துவிட்டார். வாசல் ஒத்திகை தேறியதும் மறுபேச்சு இல்லாமல் கிளம்பினார்.

அவர்கள் ஏரிக்கரையில் தங்கிய மறுநாள் காலை, அப்பாவும் நானும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மணி அடித்ததும் நான் எடுத்தேன்.

"படுக்கலடா!" என்று அத்தை கத்தினாள். அப்புறம் குரல் உடைந்து, "படுக்கவே இல்லடா, நல்லாத் தூங்கினாரு" என்று அழுதாள். அவள் அழுது நான் கேட்டதில்லை. அப்பா சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போன் மாமா கைக்குப் போனது. பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"மீன் கிடைச்சுதா மாமா?"

"ரெண்டு. காரை ஓடவிட்டு பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்திட்டு இருக்கா உங்க அத்தை. இன்னிக்கும் இங்கதான் தங்கறோம்" என்றார். "அப்புறம், எங்க வீட்டுக்குப் போய் குளியலறையில ஒரு கம்பி அடிச்சு வை. துண்டு காயப்போட இனிமே தூண்டில் கிடைக்காது."